குதிரையின் வயிற்றில் ஓர் அடுப்பு

குதிரை என்ன தின்னும் என்று யாரேனும் கேட்டால், "கொள்ளு" என்று சட்டென விடை கூறிவிடுவீர்கள். 'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்னும் பழமொழி நாம் அறிந்ததே. ஜட்கா வண்டிகள் ஓடிய நாட்களில், வண்டி நிற்கும் இடத்தில் குதிரையின் முகத்தில் ஒரு தீனிப் பையைக் கட்டிவிடுவார்கள். அதற்குள் வாயை நுழைத்துக்கொண்டு குதிரை நிதானமாக மென்றுகொண்டிருக்கும்.

ஆனால் உலகிலுள்ள எல்லாக் குதிரைகளும் நம் ஊர் வெயிலில் வாழ்வதில்லை. கனடா நாட்டின் மேற்கே ஆல்பர்ட்டா என்னும் மாநிலம் இருக்கிறது. சனவரி மாதத்தில் ஓர் இரவு அங்கே போய்ப் பார்ப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெப்பநிலை −25° செல்சியஸ். நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பனிக்கட்டி உறையும் அறைகூட இவ்வளவு குளிராக இராது. வயல்வெளி முழுவதும் வெண்பனி மூடிக் கிடக்கிறது. அந்த வெளியில் ஒரு குதிரை நின்றுகொண்டிருக்கிறது. அதன் முதுகின் மேலும் பனி படிந்திருக்கிறது.

குதிரைக்குச் சொந்தக்காரர் அதைப் பார்க்கிறார். மனம் இளகுகிறது. "ஐயோ பாவம், எப்படிக் குளிரில் நிற்கிறது! இன்று அதற்கு இரண்டு மடங்கு தானியம் வைப்போம். தவிட்டைச் சுடுநீரில் குழைத்துச் சூடாகக் கொடுப்போம்" என்று எண்ணுகிறார். பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் பல தலைமுறைகளாக அன்புள்ள குதிரைக்காரர்கள் இப்படித்தான் செய்துவந்தார்கள். ஆனால் இந்த அன்பு சில வேளைகளில் குதிரையின் உயிருக்கே உலை வைத்துவிடும்! ஏன்? குளிரில் நிற்கும் குதிரைக்கு உண்மையில் என்னதான் கொடுக்க வேண்டும்? இதை அறிய வேண்டுமானால், குதிரையின் உடல் எப்படிச் சூடாக இருக்கிறது என்பதை முதலில் காண வேண்டும்.

உருகாத பனி சொல்லும் உண்மை

மனிதனைப் போலவே குதிரையும் வெப்ப இரத்தப் பிராணி. வெளியே எவ்வளவு குளிர் அடித்தாலும் அதன் உடலின் உட்புறம் ஏறத்தாழ 38° செல்சியஸில் இருந்தாக வேண்டும். வெளியே −25° என்றால், உள்ளுக்கும் வெளிக்கும் வேறுபாடு 63 பாகை. இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது வெப்பம் வெளியே ஓடத்தான் பார்க்கும். அதைத் தடுக்கக் குதிரையிடம் இரண்டு சாதனங்கள் உள்ளன. ஒன்று, தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு. மற்றொன்று, தோலுக்கு மேலுள்ள முடி.

பகற்பொழுது குறையக் குறைய, குதிரையின் உடலில் நீண்ட, அடர்ந்த குளிர்கால முடி வளரத் தொடங்குகிறது. குளிர் வந்த பின்பு முடி வளரலாம் என்று குதிரை காத்திருப்பதில்லை. பகல் குறைவதையே குளிர்காலத்தின் முன்னறிவிப்பாக அதன் உடல் எடுத்துக்கொள்கிறது. குளிர் அதிகமாகும்போது ஒவ்வொரு முடியின் அடியிலுமுள்ள மிகச் சிறிய தசை சுருங்கி, முடியை நட்டுக்குத்தாக நிறுத்துகிறது. நமக்குக் குளிரில் மயிர்க்கூச்செறிகிறதே, அதே செயல்தான். நிமிர்ந்த முடிகளுக்கு இடையே காற்று சிறைப்படுகிறது. காற்று ஓர் அரிதிற் கடத்தி என்று பௌதிகப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். ஆகவே குதிரை காற்றினாலான ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது எனலாம்.

முதுகின் மேல் பனி உருகாமல் கிடக்கிறதே, அது குதிரை குளிரால் வாடுகிறது என்பதற்கு அடையாளம் அன்று. உடலின் வெப்பம் வெளியே கசியவில்லை என்பதற்கே அது சான்று! ஆனால் முடி நனைந்துவிட்டால் கதை வேறு. நனைந்த முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடும். காற்றுப் போர்வை கலைந்துவிடும். அதனால் வறண்ட கடுங்குளிரைக் காட்டிலும், காற்றோடு கூடிய குளிர்மழைதான் குதிரைக்குக் கொடியது. மூன்று பக்கம் அடைத்த ஒரு கொட்டகையோ, காற்றைத் தடுக்கும் மரவரிசையோ இருந்தால் பெரும் உதவியாகும்.

இந்தப் போர்வை ஓர் அளவு வரைதான் காக்கும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால், உடல் தன் சூட்டைக் காத்துக்கொள்வதற்கென்றே கூடுதல் உணவை எரிக்க வேண்டிவரும். இதனைக் கீழ்வரம்பு வெப்பநிலை என்று சொல்லலாம். ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்ந்த குதிரைகளை வைத்து ஆராய்ந்து, 1985இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். குளிருக்குப் பழகிய, நன்கு முடி வளர்ந்த குதிரைக்கு இந்த வரம்பு ஏறத்தாழ −15° செல்சியஸ் என்று அவர்கள் கண்டனர். மிதமான தட்பவெப்பத்திற்குப் பழகிய குதிரைக்கு இது 5° செல்சியஸ் அளவிலேயே வந்துவிடும். குட்டிகளும் மெலிந்த குதிரைகளும் இன்னும் முன்னதாகவே குளிரை உணரும்.

சரி, வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டால் எரிக்க வேண்டிய எரிபொருள் எது? அடுப்பு எங்கே இருக்கிறது?

எருக்குழியும் குதிரைக் குடலும்

மார்கழி மாதத்து அதிகாலையில் கிராமத்து எருக்குழியைக் கிளறும்போது பார்த்திருக்கிறீர்களா? உள்ளிருந்து ஆவி எழும். கையை நீட்டினால் வெதுவெதுப்பாக இருக்கும். அங்கே நெருப்பு ஏதுமில்லை. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இலையையும் வைக்கோலையும் சாணத்தையும் தின்று சிதைக்கின்றன. அந்த வேலையின்போது வெப்பம் பிறக்கிறது. எருக்குழியில் இது காற்றின் உதவியோடு நடக்கிறது. காற்று இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்களும் உண்டு. அவை செய்யும் வேலையை நொதித்தல் என்கிறோம். குதிரையின் குடலில் நடப்பது இந்த நொதித்தலே.

புல்லிலும் வைக்கோலிலும் செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள் நிறைய உள்ளது. இதைச் செரிக்கும் நொதி எந்தப் பாலூட்டியிடமும் இல்லை. மாட்டிடமும் இல்லை, குதிரையிடமும் இல்லை. இரண்டும் நுண்ணுயிர்களைத்தான் வேலைக்கு வைத்திருக்கின்றன. வேலை நடக்கும் இடம்தான் வேறு. மாட்டுக்கு அந்தத் தொழிற்சாலை முன்னால், வயிற்றின் முதல் அறையிலேயே இருக்கிறது. குதிரைக்கோ அது பின்னால் இருக்கிறது.

குதிரையின் இரைப்பை அதன் உடலைப் பார்க்க மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். உணவு அங்கே அதிக நேரம் தங்காமல் சிறுகுடலுக்குப் போகிறது. மாச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவை அங்கே செரித்து இரத்தத்தில் சேர்கின்றன. மீதியுள்ள நார், குருட்டுக்குடல் என்னும் பெரிய பைக்குள் விழுகிறது. மனிதனுக்கு இந்தப் பகுதி மிகச் சிறியது. குதிரைக்கோ அது ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் 30 லிட்டர் கொள்ளளவும் உடையது. அதை அடுத்து, அதைவிடப் பெரிய பெருங்குடல். இந்த இரண்டு அறைகளிலும் நார்ப்பொருள் ஒன்றரை, இரண்டு நாட்கள் தங்கி ஊறுகிறது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அசெட்டிக் அமிலம், புரோப்பியோனிக் அமிலம், பியூட்டிரிக் அமிலம் ஆகியவற்றை உண்டாக்குகின்றன. குடலின் சுவர் வழியே இவை இரத்தத்தில் கலந்து குதிரைக்கு ஆற்றலாகின்றன.

இந்த வேலை நடக்கும்போது வெப்பம் வெளிப்படுகிறது. மணிக்கணக்காகப் புல்லை மெல்லுவதிலும், அதைக் குடல் வழியே நகர்த்துவதிலும், விளைந்த அமிலங்களை உடல் பயன்படுத்துவதிலும்கூட வெப்பம் பிறக்கிறது. கோடைகாலத்தில் இது வீண்செலவு. வியர்த்துத்தான் அதை வெளியேற்ற வேண்டும். குளிர்காலத்திலோ இதுவே வரம்! குதிரை தன் வயிற்றுக்குள்ளேயே ஓர் அடுப்பைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அந்த அடுப்புக்கு ஏற்ற விறகு புல்தான்.

கொள்ளும் ஓட்ஸும் ஏன் போதா?

மேலை நாடுகளில் குதிரைக்குக் கொடுக்கும் முக்கியமான தானியம் ஓட்ஸ். ஒரு கிலோகிராம் ஓட்ஸில் குதிரைக்குக் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 3,000 கிலோகலோரி. ஒரு கிலோகிராம் உலர்புல்லில் 2,000 கிலோகலோரி அளவுதான். அப்படியானால் குளிருக்கு ஓட்ஸ் அல்லவா சிறந்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஓட்ஸிலுள்ள மாச்சத்தின் பெரும்பகுதி சிறுகுடலிலேயே சர்க்கரையாக மாறிவிடுகிறது. அந்த ஆற்றல் சேதமின்றி உடலில் சேர்ந்து, ஓடவும் சுமை இழுக்கவும் பயன்படுகிறது. ஆனால் பின்னறைகளின் அடுப்புக்கு அதனால் அதிகம் விறகு விழுவதில்லை. ஒரே அளவு ஆற்றலைத் தரும் புல்லையும் தானியத்தையும் ஒப்பிட்டால், செரிக்கும்போது கூடுதலான வெப்பத்தை வெளிவிடுவது புல்தான். நேரத்தையும் பாருங்கள். ஒரு கிலோகிராம் உலர்புல்லை மென்று தின்னக் குதிரைக்கு ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். ஒரு கிலோகிராம் ஓட்ஸ் 10 நிமிடத்தில் தீர்ந்துவிடும். தானியம் காகிதத்தைப் போலக் குபீரென்று எரிந்து முடிகிறது. புல் வேர்க்கட்டையைப் போல இரவெல்லாம் கனன்றுகொண்டிருக்கிறது.

தானியத்தை அளவு மீறிக் கொடுத்தால் ஆபத்தும் உண்டு. சிறுகுடலால் செரிக்க முடியாத மாச்சத்து அப்படியே பின்னறைகளுக்குப் போய்விடும். அங்கே வேறு வகை நுண்ணுயிர்கள் அதன்மேல் பாய்ந்து பெருகி, லாக்டிக் அமிலத்தைக் குவிக்கும். புல்லைச் சிதைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பில் மடியும். அதன் விளைவு கடுமையான வயிற்றுவலி. சில சமயம் குளம்புகளுக்குள் அழற்சி ஏற்பட்டு, குதிரை நிற்கக்கூட முடியாமல் போய்விடும். நமக்கு உணவு ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி எடுத்துத் தப்பிக்கிறோம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது! அதன் இரைப்பையின் வாயிலிலுள்ள தசை ஒருவழிக் கதவைப் போல இறுகியிருக்கிறது. உள்ளே போனது போனதுதான்.

சூடான தவிட்டுக் கஞ்சியும் இப்படியே. அதன் சூடு சிறிது நேரத்தில் மறைந்துவிடும். என்றோ ஒரு நாள் திடீரென்று கொடுத்தால் குடலின் நுண்ணுயிர்கள் தடுமாறும். நாள்தோறும் நிறையக் கொடுத்தாலோ, தவிட்டில் மிகுந்துள்ள பாஸ்பரஸ் உடலின் சுண்ணாம்புச் சத்தோடு உள்ள சமநிலையைக் குலைத்து எலும்புகளை நலிவடையச் செய்யும்.

அப்படியானால் தானியமே கூடாதா? அப்படியன்று. கடினமாக உழைக்கும் குதிரைக்கும், புல்லை மட்டும் தின்று எடையைக் காத்துக்கொள்ள முடியாத குதிரைக்கும் தானியம் வேண்டும். ஆனால் முதலில் புல், பிறகு தானியம். ஒரு வேளைக்கு 2 கிலோகிராமுக்கு மிகாமல், பல வேளைகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எந்தப் புதிய தீனியையும் 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். குதிரைக்கு மட்டுமன்றி, அதன் குடலிலுள்ள கோடானுகோடி வேலைக்காரர்களுக்கும் பழக நாள் வேண்டுமல்லவா?

ஒரு சிறு கணக்கு

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதலில் குதிரையின் எடை தெரிய வேண்டும். எடைப்பாலம் இல்லாவிட்டாலும் தையற்காரரின் அளவுநாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவை சென்டிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து பிட்டத்தின் முனைவரை உள்ள நீளத்தால் அதைப் பெருக்கி, 11,880ஆல் வகுங்கள். எடை கிலோகிராமில் வரும். சுற்றளவு 185, நீளம் 173 என்றால் எடை ஏறத்தாழ 498 கிலோகிராம்.

இதை 500 கிலோகிராம் என்றே கொள்வோம். வேலை எதுவும் செய்யாமல் நிற்கும் இந்தக் குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16,500 கிலோகலோரி வேண்டும். நல்ல உலர்புல் என்றால் 8¼ கிலோகிராம். கீழ்வரம்பிற்குக் கீழே ஒவ்வொரு பாகை இறங்கும்போதும் இந்தத் தேவை ஏறத்தாழ 2½ சதவீதம் கூடுகிறது. நாம் கண்ட இரவில் வெப்பநிலை −25°. வரம்பு −15°. பத்துப் பாகை குறைவு; ஆகவே 25 சதவீதம் கூடுதல். அதாவது 4,100 கிலோகலோரிக்கும் சற்று மேல். இதை ஈடுசெய்ய இன்னும் 2 கிலோகிராம் உலர்புல் போதும்!

பாருங்கள், இரண்டு மடங்கு தானியம் தேவையில்லை. பத்துக் கிலோகிராமுக்குச் சற்று மேலான உலர்புல் தேவை. காலில் மிதிபட்டு வீணாவதையும் சேர்த்துக் கொஞ்சம் தாராளமாகவே போடலாம். எப்போது போடுவது? இரவின் கடுங்குளிர் பின்னிரவில் வருகிறது. மாலையில் அதிகப் பங்கைப் போட்டுவிட்டால், அடுப்பு இரவு முழுவதும் கனன்றுகொண்டிருக்கும்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிட வேண்டும். உலர்புல் என்பது நம் ஊர் வைக்கோல் அன்று. வைக்கோல், கதிரை அறுத்து மணியை எடுத்த பின் மிஞ்சும் தாள். உலர்புல்லோ, சத்து குன்றுவதற்கு முன்பே பசுமையாக அறுத்து, வெயிலில் உலர்த்திச் சேமித்தது. பூசணம் பிடித்த புல்லைக் குதிரைக்குப் போடவே கூடாது. அதன் நுண்தூள் நுரையீரலைக் கெடுத்துவிடும்.

அடுப்புக்கு நீரும் வேண்டும்

அடுப்புக்கு விறகு வேண்டும் என்றால் புரிகிறது. நீர் எதற்கு? குதிரையின் அடுப்பு நீரில் ஊறும் அடுப்பு. குடலிலுள்ள புல் ஈரமாக, கூழைப் போல இருந்தால்தான் நுண்ணுயிர்கள் வேலை செய்ய முடியும். புல்லும் நகர முடியும். கோடையில் மேயும் பச்சைப்புல்லில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் நீர் இருக்கிறது. உலர்புல்லிலோ 10 முதல் 15 பங்குதான். ஆகவே குளிர்காலத்தில் குதிரை நிறையக் குடிக்க வேண்டும். 500 கிலோகிராம் குதிரைக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் நீர் தேவை.

ஆனால் நடப்பது நேர்மாறாக இருக்கிறது! தொட்டி நீர் உறைந்துவிடுகிறது. உறையாவிட்டாலும் சில்லென்ற நீரைக் குதிரை விரும்பிக் குடிப்பதில்லை. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் கால்நடை ஆய்வாளர்கள் சிறுவகைக் குதிரைகளுக்கு உறைநிலையை ஒட்டிய நீரையும், வெதுவெதுப்பாக்கிய நீரையும் கொடுத்துப் பார்த்தனர். வெதுவெதுப்பான நீர் கிடைத்தபோது அவை ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதலாகக் குடித்தன என்று 1994இல் எழுதினர். குடிப்பது குறைந்தால் புல் குடலில் காய்ந்து கெட்டியாகி அடைத்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் குதிரைகளைக் கொல்லும் காரணங்களுள் இந்தக் குடலடைப்பும் ஒன்று. பசியால் அன்று, தாகத்தால் வரும் சாவு இது.

"சுற்றிலும்தான் பனி கிடக்கிறதே, அதைத் தின்னக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். இதற்கும் கணக்கே விடை சொல்லட்டும். −20°இல் உள்ள ஒரு கிலோகிராம் பனியை 0°க்குக் கொண்டுவர 10 கிலோகலோரி வேண்டும். அதை உருக்க, உள்ளுறை வெப்பமாக 80 கிலோகலோரி. உருகிய நீரை 38°க்குச் சூடாக்க 38 கிலோகலோரி. ஆக 128. குதிரைக்கு வேண்டிய 25 லிட்டர் நீரையும் பனியாகவே தின்றால் 3,200 கிலோகலோரி வெப்பம் அதற்கே போய்விடும். ஒன்றரைக் கிலோகிராம் உலர்புல்லுக்கு மேற்பட்ட ஆற்றல் இது! மேலும், புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். 10 லிட்டர் பனியை உருக்கினால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர்தான் கிடைக்கும். 250 லிட்டர் பனியைத் தின்று முடிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பனிவெளியில் வாழும் குதிரைகள் பனியைத் தின்று காலந்தள்ளுகின்றன என்பது உண்மையே. ஆனால் உலர்புல்லைத் தின்றுகொண்டு வேலியடைத்த வயலில் நிற்கும் குதிரையை அதன் பொறுப்பில் விட்டுவிடலாகாது. நாளுக்குச் சில முறை பனிக்கட்டியை உடைத்துவிட வேண்டும். இயன்றால் நீரைச் சற்று வெதுவெதுப்பாக்க வேண்டும்.

உப்பைத் தேடி மணலைத் தின்ற குதிரைகள்

குதிரையைக் குடிக்கத் தூண்டும் எளிய பொருள் ஒன்று உண்டு. அது உப்பு. புல்லில் சோடியம் மிகக் குறைவு. ஆகவே நாள்தோறும் 25 முதல் 30 கிராம் உப்புக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சிறிய பொருள் இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு.

1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் தென்துருவத்தை அடையும் நோக்கத்துடன் அண்டார்க்டிகாவுக்குச் சென்றார். பனியில் சுமை இழுப்பதற்காக மஞ்சூரியாவின் சிறுவகைக் குதிரைகளைக் கொண்டுபோனார். அவற்றில் எட்டு உயிரோடு கரை சேர்ந்தன. முகாமிட்ட இடத்தின் தரை, எரிமலையின் கருமணல். கடலலையின் திவலைகள் தெறித்து அந்த மணலில் உப்பு ஏறியிருந்தது. உப்புக்கு ஏங்கிய குதிரைகள் அதை நக்கின. நக்கியதோடு மணலையும் விழுங்கின. யாரும் முதலில் கவனிக்கவில்லை. குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நோயுற்றன. இறந்த குதிரையின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோதுதான் உள்ளே மணல் குவிந்திருந்தது தெரியவந்தது. மணலாலும் பிற காரணத்தாலும் நான்கு குதிரைகள் மடிந்தன.

எஞ்சிய நான்கு குதிரைகளுடன்தான் ஷாக்கிள்டன் துருவத்தை நோக்கிப் புறப்பட்டார். அந்த நான்கும் வழியிலேயே இறந்துபோயின. 1909 சனவரி 9ஆம் நாள், துருவத்திற்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில், உணவு போதாமல் அவர் திரும்ப நேர்ந்தது. மணல் ஒன்றினால்தான் அவர் தோற்றார் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் பாதிக் குதிரைகளைத் தொடக்கத்திலேயே இழந்தது சிறிய இழப்பா? ஒரு கைப்பிடி உப்பின் மதிப்பை எண்ணிப் பாருங்கள்.

கோடையிலேயே தொடங்கும் குளிர்காலம்

சைபீரியாவின் யாக்குத்தியப் பகுதியில் குளிர்காலத்தில் −50°க்கும் கீழே போவது வழக்கம். அங்குள்ள யாக்குத்தியக் குதிரைகள் கட்டையான கால்களும் நீண்ட முடியும் உடையவை. குளிர்காலம் முழுவதும் வெளியிலேயே நின்று, குளம்பால் பனியைத் தோண்டி அடியிலுள்ள புல்லைத் தின்னும். குறுகிய கோடை முடிவதற்குள் தின்று கொழுத்துவிடுவதே அவற்றின் இரகசியம். அந்தக் கொழுப்புப் போர்வையாகவும் பயன்படுகிறது, இருப்பு உணவாகவும் பயன்படுகிறது. 2015இல் இவற்றின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்குள்ளாகவே இந்த இனம் இவ்வளவு குளிருக்குத் தகவமைந்துவிட்டது என்று கண்டு வியந்தனர்.

மங்கோலியாவின் மேய்ப்பர்களும் இதை நன்கு அறிவர். கால்நடைகள் கூட்டங்கூட்டமாக மடியும் கொடிய குளிர்காலத்தை அவர்கள் 'ட்ஸுட்' என்பார்கள். அதிலும் வகைகள் உண்டு. ஆழமான பனி புல்லை மூடிவிட்டால் வெள்ளை ட்ஸுட். பனி உருகி மீண்டும் உறைந்து, குளம்பால் உடைக்க முடியாத தகடாகிவிட்டால் இரும்பு ட்ஸுட். பனியே விழாமல், குடிக்க நீரின்றித் தவித்தால் கறுப்பு ட்ஸுட். கோடையில் வறட்சி ஏற்பட்டு, விலங்குகள் கொழுக்காமலேயே குளிர்காலத்துக்குள் நுழைந்தால் பேரழிவுதான். 2009-10 குளிர்காலத்தில் அந்நாட்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன.

நம் நாட்டிலும் லடாக்கில் கடுங்குளிர் உண்டு. அங்கே சன்ஸ்காரி என்னும் உறுதியான மலைக்குதிரை இனம் இருக்கிறது. லடாக் கிராமங்களில் வீடுகளின் தட்டையான கூரைகளின் மேல் தீவனம் வரிசையாக அடுக்கியிருப்பதைக் காணலாம். கோடையில் அறுத்து உலர்த்திய புல்லும் லூசர்ன் என்னும் தீவனப் பயிரும் அதில் இருக்கும். இந்த லூசர்னுக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? குதிரைமசால்!

கண்ணை நம்பாதீர், கையை நம்புங்கள்

இவ்வளவும் தெரிந்த பின்னும் ஓர் ஆபத்து மீதியிருக்கிறது. குளிர்கால முடி குதிரையைக் காக்கிறது. அதே முடி உண்மையை மறைத்தும் விடுகிறது. நீண்ட முடிக்குள் இருக்கும் குதிரை எப்போதும் கொழுகொழுவென்றுதான் தோன்றும். உள்ளே அது நாளுக்கு நாள் மெலிந்துகொண்டிருந்தாலும் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இளவேனிலில் முடி உதிரும்போதுதான் எலும்பும் தோலுமாக நிற்பது தெரியவரும். அதுவரை அது உயிரோடிருந்தால்!

அதனால் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறையேனும் கையுறையைக் கழற்றிவிட்டு, விலா எலும்புகளின் மேல் விரல்களை அழுத்தி வருடிப் பார்க்க வேண்டும். 1983இல் அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தினர் இதற்கென 1 முதல் 9 வரை மதிப்பெண் கொடுக்கும் முறை ஒன்றை வகுத்தனர். 1 என்றால் எலும்புக்கூடு. 9 என்றால் அளவுக்கு மீறிய கொழுப்பு. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், ஆனால் கைக்கு எளிதில் தட்டுப்பட்டால் மதிப்பெண் 5. குளிர்காலத்தில் 5 அல்லது 6இல் குதிரையை வைத்திருப்பது நல்லது. எலும்பு கூர்மையாகத் தட்டுப்பட்டால் தீனியைக் கூட்ட வேண்டும்.

முதிய குதிரையின் வாயையும் பார்க்க வேண்டும். தேய்ந்த பற்களால் புல்லை மெல்ல முடியாமல், பாதி மென்ற உருண்டைகளை அது கீழே துப்பும். அதன் முன்னால் மலைபோல உலர்புல் கிடந்தாலும் அது பட்டினிதான். அத்தகைய குதிரைக்கு நறுக்கிய புல்லை நீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம்.

மீண்டும் அந்த ஆல்பர்ட்டா வயலுக்கு வருவோம். முதுகில் பனி படிந்த குதிரை இன்னும் அங்கேதான் நிற்கிறது. அதன் சொந்தக்காரர் இப்போது சுடுகஞ்சி காய்ச்சவில்லை. பொழுது சாயுமுன் ஒரு பெரிய கட்டு உலர்புல்லைக் கொண்டுவந்து பிரித்துப் போடுகிறார். தொட்டியின் மேல் உறைந்திருந்த பனிக்கட்டியை உடைத்துவிடுகிறார். உப்புக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு கையுறையைக் கழற்றி, அடர்ந்த முடிக்குள் விரல்களை விட்டு விலாவைத் தொட்டுப் பார்க்கிறார். விரல்களுக்கு வெதுவெதுப்பாக இருக்கிறது. அடுப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருக்கிறது.